சைக்கிள் கண்ணாடி, பின் லைட், ஹெல்மெட்: காலடிப்பேட்டை டு மண்ணடி, ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுட்டே வந்த ரிவ்யூ இது. போன மாசம் என் பொண்ணுக்கு ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட் சைக்கிள் குடுத்தாங்க, அதை வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துன உடனே அவ கேட்டது, "ம்மா, உன் சைக்கிள்ல இருக்கற கண்ணாடி எனக்கும் மாட்டித் தருவியா?" அப்பத்தான் தோணுச்சு, இந்த ஒன்றரை வருஷத்துல நான் வாங்குனது, வீணாப் போனது, நிஜமாவே கைகுடுத்தது எல்லாத்தையும் எழுதி வெச்சா நம்ம பக்கம் சைக்கிள் ஓட்டுற நாலு பேருக்காவது பிரயோஜனமா இருக்கும்னு.

முதல்ல நான் எங்க ஓட்டுறேன்னு சொல்லிடறேன், ஏன்னா ஈ.சி.ஆர்.ல ஞாயித்துக்கிழமை காலையில உடற்பயிற்சிக்கு ஓட்டுறவங்களுக்குத் தேவையானது வேற, தினம் வேலைக்குப் போற நமக்குத் தேவையானது வேற. வீடு வடசென்னையில காலடிப்பேட்டை. வேலை மண்ணடியில ஒரு இரும்புக் கடையில கணக்கு பார்க்கறது. டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை பிடிச்சு டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மகாராணி தியேட்டர், அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தாண்டி பழைய ஜெயில் ரோடு வழியா பிராட்வே இறங்கினா கடை. ஒரு எட்டு கிலோமீட்டர் இருக்கும், காலையில 40 நிமிஷம், சாயங்காலம் 50. வண்டி பழைய லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது, முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், சேலை மாட்டாம இருக்க பின் சக்கரத்துல கார்டு. மெட்ரோ தான் 2021 பிப்ரவரியிலயே விம்கோ நகர் வரைக்கும் வந்துருச்சே அதுல போக வேண்டியது தானேன்னு கடையில கேப்பாங்க, மழை நாள்ல போறேன், இல்லைன்னு சொல்லலை, ஆனா போக வர டிக்கெட்டு, வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு நடை, அங்க இறங்கி மறுபடி நடைன்னு மாசத்துக்குக் கூட்டிப் பார்த்தா எனக்கு சைக்கிள் தான் கட்டுப்படியாகுது. அதோட வெயில் ஏறறதுக்கு முன்னாடி காத்து வாங்கிட்டே மிதிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு, அதை விட்டுக்குடுக்க மனசு வரலை.

அந்த ரோட்டுல என் கூட வர்றது பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, குட்டியானை, தண்ணி லாரி, மூணு சக்கர மீன்பாடி வண்டி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிராஃபிக் நின்னு போச்சுன்னா சில நேரம் உள்ள திரும்பி வர்ற டிரெய்லர். இதுக்கு நடுவுல இடது ஓரமா ஒரு மூணடி இடத்துல தான் நம்ம பொழப்பு.

பிராண்டு பேரு எதுவும் எழுதலை. நான் வாங்குனது எல்லாமே ஒரே சாமான் நாலு ஸ்டிக்கர்ல வர்ற டைப்பு, அதனால பேரை விட எதைப் பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சுக்கறது தான் முக்கியம்.

கண்ணாடியில ஆரம்பிக்கிறேன். 280 ரூபாய், பிராட்வே பக்கம் வாங்குனேன். இந்த லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு தான் வாங்க முடியும்னா கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க. ஹேண்டில்பார்ல கிளாம்ப் போட்டு முடுக்குற டைப்பு, வலது பக்கம். ஹேண்டில் முனையில சொருகுற டைப்பும் இருக்கு, பார்க்க அழகா இருக்கும், ஆனா சாதாரண சைக்கிள்ல பிடியோட முனை மூடி இருக்கும், அதை வெட்டணும், அதுவும் இல்லாம நம்ம ஏரியா சந்துல ஹேண்டில் முனை தான் முதல்ல சுவத்துல போய் உரசும். கிளாம்ப் வாங்கும்போது 22 மிமீ பைப்புக்குப் பொருந்துதான்னு கேட்டு வாங்குங்க, பிடி இருக்கற இடத்துல ஹேண்டில் சைஸ் கிட்டத்தட்ட அவ்வளவு தான்.

கண்ணாடி இல்லாதப்போ என்ன ஆகும்னு தினம் ஓட்டுறவங்களுக்குத் தெரியும். பின்னாடி என்ன வருதுன்னு வலது தோள் வழியா திரும்பிப் பார்ப்போம், தலை திரும்பும்போது தோளும் திரும்பும், தோள் திரும்பும்போது ஹேண்டிலும் நம்மளை அறியாம வலது பக்கம் இழுக்கும், அதுவும் கேரியர்ல மூட்டை இருந்துச்சுன்னா நிச்சயமா இழுக்கும். அதாவது வண்டி வருதான்னு பார்க்கற அந்த ஒரு செகண்டுல தான் நாமளே வண்டிக்குக் கிட்ட போறோம். கண்ணாடி வந்ததுக்கு அப்புறம் கண்ணை மட்டும் நகர்த்துனா போதும். முதல் ஒரு வாரம் தலை சுத்துற மாதிரி இருந்துச்சு, எதைப் பார்க்கறது முன்னாடியா பின்னாடியான்னு, அப்புறம் பழகிடுச்சு, இப்ப கண்ணாடி இல்லாத சைக்கிள்ல ஏறுனா ஒரு கண்ணு போன மாதிரி இருக்கு.

ஒரு விஷயம் கவனமா இருக்கணும். இதுல வர்ற கண்ணாடி லேசா வெளிப்பக்கம் உப்பி இருக்கும், பள்ளிக்கூடத்துல குவி ஆடின்னு படிச்சோமே அது. நிறைய இடம் தெரியும், ஆனா எல்லாமே சின்னதா, தூரத்துல இருக்கற மாதிரி தெரியும். பஸ்ஸு இன்னும் அங்கதானே வருதுன்னு நினைச்சு வலது பக்கம் ஒதுங்குனா அது பக்கத்துலயே நிக்கும். நான் வெச்சிருக்கற கணக்கு, கண்ணாடியில பஸ்ஸோட முன் கண்ணாடி முழுசா தெரிஞ்சா அது வந்தாச்சு, நான் என் லைன்லயே நேரா போகணும், ஒதுங்கக் கூடாது.

குறை என்னன்னா இந்த உருண்டை மூட்டு. தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுனா கண்ணாடி வானத்தைப் பார்க்கும். மூணு தடவை முடுக்கிப் பார்த்துட்டு எங்க தெரு மெக்கானிக் பாய் கிட்ட கொண்டு போனேன். அவர் ஒண்ணும் பெருசா பண்ணலை, பழைய ட்யூப்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி கிளாம்புக்கு அடியில சுத்தி, நட்டுக்கு ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டு, 10ஆம் நம்பர் ஸ்பேனர்ல ஒரு சுத்து விட்டார். "ம்மா, ரப்பர் இல்லாம இரும்பு மேல இரும்பு வெச்சா அதிருக்கினே தான் இருக்கும்"னார். அதோட சரி, இன்னிக்கு வரைக்கும் நகரலை. கடல் காத்துல அந்த போல்ட்டு மூணு மாசத்துல துரு ஏறும், நம்ம பக்கம் ஜன்னல் கம்பிக்கே அந்த கதி தானே, மாசம் ஒரு தரம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுருங்க.

"சைக்கிள்ல எதுக்குக்கா கண்ணாடி, மேக்கப் பார்க்கவா"ன்னு சிக்னல்ல பசங்க கேப்பானுங்க. அதுல ஒரு பையன் கிட்ட நில்லு தம்பின்னு சொல்லி என் சைக்கிள்ல உக்கார வெச்சு பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருன்னு காட்டுனேன். ஷேர் ஆட்டோ, அதுக்குப் பின்னாடி தண்ணி லாரி, ரெண்டுக்கும் நடுவுல ராங் ரூட்ல ஒரு ஸ்கூட்டி. பேசாம இறங்கிட்டான்.

அடுத்து பின் லைட். இதுல ரெண்டு வாங்குனேன், ஒண்ணு தண்டம். முதல்ல 450 ரூபாய்க்கு யூ.எஸ்.பி. சார்ஜ் போடுற சிவப்பு லைட்டு. வெயில் காலத்துல பிரமாதமா இருந்துச்சு. ஐப்பசி மழை ரெண்டாவது நாள், சார்ஜ் போடுற ஓட்டைக்கு மேல ஒரு ரப்பர் மூடி இருக்கும்ல, அது சரியா உக்காராம தண்ணி உள்ள போயி அணைஞ்சே போச்சு, அதுவும் இருட்டுல, மகாராணி தியேட்டர் கிட்ட, எனக்கு வீடு வந்து சேர்ந்து ஸ்டாண்டு போடும்போது தான் தெரிஞ்சுது. நாலு கிலோமீட்டருக்கு மேல கறுப்பு சுடிதார்ல லைட்டே இல்லாம பஸ்ஸுங்களுக்கு முன்னாடி வந்திருக்கேன். அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

அட்டைப் பெட்டியைப் பார்த்தா ஐ.பி.எக்ஸ். 4ன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு அர்த்தம் தண்ணி தெறிச்சா தாங்கும்னு மட்டும் தான். நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழைக்கு அது பத்தாது, அதுவும் பின் சக்கரம் அள்ளி அடிக்கிற தண்ணிக்கு. இப்ப வெச்சிருக்கறது ஐ.பி.எக்ஸ். 6, வேகமா பீச்சி அடிக்கிற தண்ணியையும் தாங்கணும், 780 ரூபாய், ஒரு மழைக்காலம் முழுசா தாண்டிருச்சு. ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்த மாதிரி மாட்டுங்க.

எங்க மாட்டறதுங்கறது ரொம்ப முக்கியம். கூட வர்ற பட்டை சீட்டுக்குக் கீழ இருக்கற கம்பியில மாட்டுற மாதிரி தான் இருக்கும். நான் அங்க தான் மாட்டியிருந்தேன். ஒரு நாள் பொண்ணை பின்னாடி நின்னு பார்க்கச் சொன்னேன், "ம்மா லைட்டே தெரியலையே"ங்கறா. கேரியர்ல நான் வெக்கிற பை அதை முழுசா மறைச்சிருக்கு, இத்தனை நாளா. இப்ப கேரியரோட கடைசிக் கம்பியில பாய் ஒரு பட்டை வெல்டு பண்ணிக் குடுத்தார், அதுல இருக்கு. நீங்களும் உங்க லைட்டை மாட்டிட்டு, தினமும் வெக்கிற மூட்டையை வெச்சு, ஒரு இருபதடி பின்னாடி போய் நின்னு பாருங்க. அப்புறம் மினுக் மினுக்னு எரியறதை விட நிலையா எரியறது தான் எனக்கு சரிப்படுது. மினுக்குறது ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும், உண்மை தான், ஆனா வண்டி எவ்வளவு தூரத்துல இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு பின்னாடி வர்றவனுக்குக் கணக்கு கிடைக்கணும்னா நிலையா எரியணும்.

லைட்டு எது வாங்குனாலும் கூடவே ஒளி திருப்புற ஸ்டிக்கர் டேப்பு ஒரு மீட்டர் வாங்கிருங்க, லாரிக்குப் பின்னாடி சிவப்பா, பக்கவாட்டுல மஞ்சளா ஒட்டியிருக்குமே அதே சாமான் தான், சார்ஜ் வேணாம், மழையில கெடாது. பின் மட்கார்டுல சிவப்பு, பெடலோட ரெண்டு ஓரத்துலயும் மஞ்சள். பெடல்ல ஒட்டுறது தான் சூட்சுமம், அது மேலயும் கீழயும் போய் வரும்போது யாரோ ஒரு ஆளு மிதிக்கிறான்னு தூரத்துலயே புரிஞ்சுரும். 60 ரூபாய்க்கு இதை விட நல்ல பாதுகாப்பு கிடைக்காது.

ஹெல்மெட்டு 1,400. இ.என். 1078 முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க, ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வெச்சிருக்கற தரம். தினமும் போடுறேன், பொண்ணுக்கும் போட்டுத் தான் அனுப்புறேன். ஆனா அதுல என்ன சோதிக்கிறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். தட்டையான இரும்பு மேல செகண்டுக்கு 5.42 மீட்டர் வேகத்துல விழ வெச்சுப் பார்க்கறாங்க, அதாவது மணிக்கு 20 கிமீ கிட்ட. நீங்களா தடுக்கி விழுந்து தலை தரையில பட்டா காப்பாத்தும். லாரி இடிக்கிறதுக்கு செஞ்ச சாமான் இல்லை அது. ஹெல்மெட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவமே வருது. முடி நீளமா இருக்கறவங்க கொண்டை போடாம தாழ்வா ஒத்தைப் பின்னல் போடுங்க, இல்லைன்னா பின்னாடி திருகுற வளையம் சரியா பிடிக்காது, ஹெல்மெட்டு முன்னாடி நெத்தியில வந்து தொங்கும்.

இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் ஒரு நாள் காலையில, டோல்கேட் தாண்டி வந்துட்டு இருந்தேன். கண்ணாடியில ஒரு தண்ணி லாரி தெரியுது. நல்லா தெரியுது. என்னைத் தாண்டப் போகுதுன்னும் தெரியுது. நான் என் லைன்ல நேரா போறேன். தாண்டிச்சு, பாதி உடம்பு தாண்டுனதும் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கத் தெருவுக்குத் திரும்ப ஆரம்பிச்சுட்டான். எனக்கு இடது பக்கம் வரிசையா நிக்கற ஆட்டோ, அதுக்கு அந்தப் பக்கம் முக்கால் அடி உசரத்துக்கு பிளாட்பாரம், அதுல ஈ.பி. பெட்டி. வலது பக்கம் லாரியோட தகரம் கிட்ட கிட்ட வருது. முன் சக்கரம் எனக்கு முன்னாடி போயிருச்சு, பின் சக்கரம் இன்னும் வரலை, நடுவுல நான். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு, ஒரு ஆட்டோவோட பின் கம்பியில கையை மோதி சாஞ்சு விழுந்தேன். முழங்கை தேஞ்சுது, கூடையில இருந்த சாப்பாட்டு டப்பா உருண்டு போய் லாரி பின் சக்கரத்துக்குக் கீழ நசுங்குச்சு. அந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

ஆட்டோக்கார அண்ணன்லாம் ஓடி வந்து லாரியைத் தட்டி நிறுத்துனாங்க. டிரைவர் இறங்குனார், முப்பது வயசு கூட இருக்காது, கை நடுங்குது. "யக்கா, சத்தியமா தெரியலக்கா, நான் கண்ணாடி பார்த்துட்டு தான்க்கா திருப்புனேன்." எல்லாரும் அவரைத் திட்டுறாங்க. எனக்கும் கோவம் தான், ஆனா அந்த ஆளு பொய் சொல்ற மாதிரி தெரியலை. தண்ணி குடிச்சு ஆசுவாசப்பட்டதுக்கு அப்புறம் நான் கேட்டேன், தம்பி நான் மேல ஏறிப் பார்க்கலாமான்னு. ஏத்தி விட்டாங்க.

நீங்க யாராவது லாரி டிரைவர் சீட்ல உக்காந்து பார்த்திருக்கீங்களா? சீட்டு வலது பக்கம், என் தலைக்கும் மேல உசரத்துல. இடது கதவோட ஜன்னல் அடி விளிம்பே ஒரு ஆள் உசரத்துல இருக்கு. என் சைக்கிளை விழுந்த இடத்துலயே ஒருத்தர் நிமித்திப் பிடிச்சுட்டு நின்னார், நான் மேல இருந்து பார்க்கறேன், சைக்கிளும் தெரியலை ஆளும் தெரியலை. இடது கண்ணாடியில பார்த்தா லாரியோட உடம்பும் பின்னாடி ரோடும் தெரியுது, கதவை ஒட்டி நிக்கற அந்த ஒரு துண்டு இடம் எதுலயுமே இல்லை. முன்னாடிலாம் இடது பக்கம் கிளீனர் உக்காந்து தகரத்தைத் தட்டி "ஓரம் ஓரம், சைக்கிள் வருது"ன்னு கத்துவாங்க, அந்த வண்டியில கிளீனரே இல்லை, தனியா ஓட்டிட்டு வந்திருக்கார்.

என் கண்ணாடி வேலையை சரியா செஞ்சுது. லாரி வர்றதைக் காட்டுச்சு. பகல் வெளிச்சத்துல ஹெல்மெட் போட்டு என் லைன்ல நேரா போயிட்டு இருந்தேன். 280 ரூபாய் கண்ணாடி ஆபத்து வருதுன்னு சொல்லும், ஒதுங்கறதுக்கு இடம் ரோடு தான் குடுக்கணும். அந்த இடம் அங்க இல்லை. அதுக்கு அப்புறம் தான் நான் இதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன், ராத்திரி பொண்ணு தூங்குனதுக்கு அப்புறம் போன்ல உக்காந்து.

நம்ம நாட்டுலயே ரோடு எப்படி போடணும்னு விதி எழுதற இந்திய ரோடு காங்கிரஸ், சைக்கிளுக்குத் தனிப் பாதை எப்படி இருக்கணும்னு 1962லயே வழிகாட்டி போட்டிருக்கு. அதுல ஒரு கணக்கு இருக்கு, மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல போற ரோட்டுல, சைக்கிள் மணிக்கு 100 போனாலே தனிப் பாதை போடறது நியாயம்னு. குறைஞ்சது 2 மீட்டர் அகலம். டி.எச். ரோட்டுல காலையில எட்டரை மணிக்கு நின்னு எண்ணிப் பாருங்க, 200 வண்டி போக ஒரு மணி நேரமா ஆகும்? ஒரு நாள் திருவொற்றியூர் தேரடி கிட்ட நான் நின்னு எண்ணுனேன், கடிகாரத்தைப் பார்த்து அஞ்சு நிமிஷம் எண்றதுக்குள்ளயே விட்டுட்டேன், கண்ணு பிடிக்கலை. 1962ல எழுதுன அளவைப் பார்த்தாலே நமக்கு எப்பவோ வந்திருக்க வேண்டிய பாதை.

அப்புறம் 2014ல சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு, இந்தியாவுலயே முதல்ல கொண்டு வந்தது நாம தான். போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் செலவழிக்கணும்னு அதுல எழுதியிருக்கு. 2019ல பாண்டி பஜார் நடைபாதை திறந்தப்போ நான் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் நடந்து பார்த்தேன், நிஜமா சந்தோஷமா இருந்துச்சு, நம்ம ஊர்லயும் முடியும்னு கண்ணால பார்த்தது அங்க தான். அதே மனசு, அதே பணம் டோல்கேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் வரணும்னு தான் நான் கேக்கறேன். இங்க சைக்கிள் ஓட்டுறவங்க பொழுதுபோக்குக்கு ஓட்டலை. ஹார்பர்ல லோடு ஏத்தப் போறவங்க, காசிமேட்டுல மீன் எடுத்துட்டு தெருத்தெருவா விக்கறவங்க, கம்பெனி ஷிப்ட்டுக்கு மணலி போறவங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க.

தனிப் பாதைன்னா சிலர் ரோட்டோரமா வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரையறதைச் சொல்றாங்க. அது வேணாம், வேணவே வேணாம். கோடு போட்ட மறுநாள் அது ஆட்டோ ஸ்டாண்டு, அதுக்கு மறுநாள் பிரியாணிக் கடை பெஞ்சு, நாம அதைச் சுத்திட்டு போக ரோட்டு நடுவுக்கு வரணும், கோடு இல்லாததை விட மோசம். ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவுல கல்லு கட்டை இருக்கணும், லாரி டயர் ஏற முடியாத அளவுக்கு. பஸ் ஸ்டாப் வர்ற இடத்துல பாதை ஸ்டாப்புக்குப் பின்னாடி சுத்திப் போகணும், இல்லைன்னா பஸ்ஸு ஒவ்வொரு தடவையும் நம்மளை வெட்டிட்டுத் தான் நிக்கும். அகலம் நம்ம மீன்பாடி வண்டி போற அளவுக்கு வேணும். முக்கியமா முனை. கல்லு கட்டுன பாதை தெரு முனையில வந்து முடியும்போது அங்க தான் இடது திரும்பற வண்டி வரும், எனக்கு நடந்ததும் அது தான். நெதர்லாந்துல முனையில ஒரு சின்ன திட்டு கட்டி வெச்சிருக்காங்க, திரும்பற வண்டி அதைச் சுத்தி மெதுவாத் தான் திரும்ப முடியும், திரும்பி முடிக்கும்போது சைக்கிள்காரர் டிரைவரோட கண்ணுக்கு நேரா முன்னாடி இருப்பார், கதவுக்குக் கீழ இருக்க மாட்டார். படத்தைப் பார்த்த உடனே எனக்கு அந்த டிரைவர் சீட்டு தான் ஞாபகம் வந்துச்சு. இந்த ஒரு திட்டு அங்க இருந்திருந்தா அந்தத் தம்பி என்னைப் பார்த்திருப்பார்.

நெதர்லாந்துக்காரங்க ஒண்ணும் பிறக்கும்போதே அப்படி இல்லை. 1971ல அந்தச் சின்ன நாட்டுல ரோட்டுல மட்டும் 3,300 பேர் கிட்ட செத்திருக்காங்க, அதுல 400க்கு மேல குழந்தைங்க. அப்பா அம்மாங்க எங்க குழந்தைங்களைக் கொல்றதை நிறுத்துங்கன்னு ரோட்டுல இறங்குனாங்க, அதுக்கு அப்புறம் தான் பாதை பாதையா போட ஆரம்பிச்சாங்க. எல்லாத் தெருவுலயும் தனிப் பாதை போடலை, அதையும் சொல்லணும். வீடு இருக்கற சின்னத் தெருவுல வண்டிங்க 30 கிமீக்கு மேல போக முடியாத மாதிரி பண்ணிட்டு சைக்கிளும் காரும் ஒண்ணா போக விட்டாங்க, வேகமும் கனமும் அதிகமான ரோட்டுல பிரிச்சாங்க. நம்ம காலடிப்பேட்டை உள்தெருவுங்களுக்கு ஸ்பீடு பிரேக்கர் ஒழுங்கா இருந்தாலே போதும், அங்க யாரும் கல்லு கட்ட வேணாம். டி.எச். ரோட்டுக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் வேணும். எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவேன், கன்டெய்னர் வரிசையா நிக்கும், நின்ன வண்டிக்கும் ஓடுற வண்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில தான் போகணும், பக்கத்துல டிரெய்லர் போகும்போது அந்தக் காத்தே ஆளை முதல்ல தள்ளி அப்புறம் உள்ள இழுக்கும், கண்ணாடியில பிம்பம் அப்படியே அதிர்ந்து ஒண்ணுமே தெரியாது. அந்த ரோட்டுல கண்ணாடி வேலை செய்யறதே இல்லைன்னு தான் ரிவ்யூ எழுதணும்.

சரி, பொண்ணு சைக்கிளுக்கு வர்றேன். கவர்மெண்ட் சைக்கிள் நல்லா கனமா உறுதியா தான் இருக்கு, வந்த உடனே பாய் கிட்ட விட்டு எல்லா நட்டையும் ஒரு தடவை முடுக்கி, பிரேக் கட்டை ரிம்ல சரியா உக்காருதான்னு பார்த்து வாங்கிருங்க, அதுக்கு அவர் 150 தான் வாங்குனார். கண்ணாடி அதே 280 டைப்பு, ரப்பர் போட்டு. லைட்டு ஐ.பி.எக்ஸ். 6. டேப்பு பெடல்லயும் மட்கார்டுலயும். ஹெல்மெட்டு. மொத்தம் 2,700 கிட்ட ஆச்சு, எனக்கு அது கொஞ்சம் பெரிய பணம் தான், கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வாங்குனேன். மொத்தமா முடியாதவங்க முதல் மாசம் கண்ணாடியும் டேப்பும், அடுத்த மாசம் லைட்டு, அப்புறம் ஹெல்மெட்டுன்னு போங்க.

அவ பள்ளிக்கூடத்துக்கு டி.எச். ரோடு வழியா ரெண்டு கிலோமீட்டர், உள்தெரு சுத்திப் போனா மூணரை. ரெண்டு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் உள்தெருவுல ஓட்டிப் பார்த்து ஒரு வழி முடிவு பண்ணிருக்கோம், ஒரே ஒரு இடத்துல மட்டும் பெரிய ரோட்டைத் தாண்டணும், அங்க சிக்னல்ல இறங்கி சைக்கிளைத் தள்ளிட்டுத் தான் போகணும்னு சொல்லிருக்கேன். நின்ன லாரிக்கு இடது பக்கம் என்ன ஆனாலும் போய் நிக்கக் கூடாது, பின்னாடியே நில்லு, டிரைவரோட கண்ணாடியில அவர் மூஞ்சி உனக்குத் தெரியுதா பாரு, தெரியலைன்னா அவருக்கு நீ தெரியலை. இதை மட்டும் தினமும் காலையில சொல்லி அனுப்புறேன், அவளும் "தெரியும்மா, தெரியும்மா"ங்கறா.

முதல் வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து, "ம்மா, இன்னிக்கு ஒரு லாரி அண்ணா மூஞ்சி தெரிஞ்சுது, கையைக் காட்டி போ போன்னாரு"ன்னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி அவ கண்ணாடி நட்டை ஒரு தடவை முடுக்கிப் பார்த்தேன், கால் சுத்து இளகியிருந்துச்சு. 10ஆம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு இப்ப அவ கூடையிலயே கிடக்கு.